கிணற்றை இறைக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ராமேஸ்வரம் தீவின் வடகரையில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். போன வாடையில் காற்று முற்றிய ஓர் இரவில் கடல் தெருவுக்குள் ஏறி, கொல்லையில் இருக்கும் உறைக்கிணற்றுக்குள்ளும் இறங்கிவிட்டது. வடிந்ததும் மோட்டார் போட்டு மூன்று தடவை அடிவரை இறைத்தோம். பிளீச்சிங் பவுடரும் போட்டோம். இறைக்க இறைக்க உவர்ப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. "இறைக்காதீங்க, மழை பாத்துக்கும்" என்று மாமியார் அப்போதே சொன்னார்; நாங்கள் கேட்கவில்லை. இதோ மறுபடியும் ஐப்பசி பிறந்துவிட்டது. வாரத்துக்கு ஒரு தாழ்வு மண்டலம் என்கிறார்கள். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள். கிணற்றை எப்படிக் காப்பாற்றுவது? வீடு சிமெண்ட் சீட் போட்டது, கூரைக்கு என்ன செய்வது? கூண்டு எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் மாமியார் சொன்னதுதான் சரி. ஏன் சரி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் பாதி வேலை தானாகத் தெரியும்.

தீவு பெரும்பாலும் மணல். பெய்த மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத்தண்ணீர் எடை அதிகம், அவ்வளவுதான் காரணம். இதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: நல்ல தண்ணீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிவரை நல்ல தண்ணீர் இருக்கும். இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மட்டத்தை ஓரடி இறக்கி அப்படியே வைத்திருந்தால், கீழே இருக்கும் உப்பு 40 அடி மேலேறப் பார்க்கும். மோட்டார் வைத்து அடிவரை இறைக்கும்போது கிணற்றுக்கு நேர் கீழே உப்பு கூம்பு மாதிரி எழும்பி வருகிறது. மேலிருந்து விழுந்த கடல்தண்ணீரை நீங்கள் வெளியே கொட்டினீர்கள். அதைவிடக் கூடுதலான உப்பைக் கீழிருந்து இழுத்துவிட்டீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் நல்லெண்ணத்தோடு கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தபோதும் இதுதான் நடந்தது. அங்கும் கடைசியில் உப்பைக் கழுவியது மழைதான்.

தனுஷ்கோடிப் பக்கம் அலைக்குச் சற்றுத் தள்ளி மணலைக் கையால் பறித்து ஊற்று எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். முழங்கை ஆழம்தான் இருக்கும். சிரட்டையால் மேலாக மொள்வார்கள், ஊறும்வரை காத்திருந்து மறுபடி மொள்வார்கள். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் அதே குழியில் உப்பு வந்துவிடும். அந்தச் சிரட்டை செய்கிற வேலையைத்தான் கிணற்றிலும் செய்ய வேண்டும்.

கடல் இறங்கிய கிணற்றுக்கு இனி இப்படிச் செய்யுங்கள். முதல் நாளே மிதக்கும் குப்பை, இலைதழை, செத்த எலி, தவளை எல்லாவற்றையும் வாளியால் எடுத்துவிடுங்கள். பிறகு ஒரே ஒரு தடவை, மோட்டார் இல்லாமல், வாளியால் மேலாக இறையுங்கள். தொடங்கும் முன்பு தண்ணீர் மட்டத்தில் உறையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோட்டிலிருந்து அரையடி இறங்கியதும் நிறுத்தி, மட்டம் திரும்பி வந்த பிறகு தொடருங்கள். இறைத்த தண்ணீரைக் கிணற்றடியில் கொட்டினால் மணல் வழியாக அதே கிணற்றுக்குத் திரும்பிவிடும். பள்ளமான பக்கமாக வாய்க்கால் வெட்டித் தெருவைத் தாண்டி விடுங்கள். கலங்கல் தெளிந்ததும் நிறுத்திவிட வேண்டும். உவர்ப்பு இருக்கும்தான். அதை இறைத்துத் தீர்க்க முடியாது.

கொல்லையில் நிற்கும் தண்ணீர் விஷயத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். கடல்தண்ணீர் நின்றால் ஒரு மணி நேரம்கூட வைத்திருக்கக் கூடாது. மண்வெட்டி எடுத்து உடனே வடித்துவிட வேண்டும். நின்ற ஒவ்வொரு மணி நேரமும் அது மணலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் அது வடிந்த பிறகு பெய்யும் மழைத்தண்ணீரை வடிக்கக் கூடாது. வெட்டிய வாய்க்காலை அடைத்து, கிணற்றைச் சுற்றிப் பத்தடி தள்ளி அரையடி உயரத்துக்கு மண்ணை அணைத்து, மழையைத் தேக்குங்கள். அது இறங்கும்போது உப்பைக் கீழே தள்ளிக்கொண்டு போகும். கூரைத்தண்ணீரையும் முதல் பத்து நிமிடம் வெளியே விட்டுவிட்டு அந்த வரப்புக்குள் திருப்புங்கள். நேராகக் கிணற்றுக்குள் விட வேண்டாம். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்த்துத்தான் மண்வெட்டியை எடுக்க வேண்டும்.

எது கடல்தண்ணீர், எது மழை என்று வாயில் வைத்துப் பார்க்காதீர்கள். வெள்ளத்தில் கக்கூஸ் தண்ணீரும் கலந்திருக்கும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், தெருவுக்கு ஒன்று இருந்தால் போதும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியில்லாதபோது 2000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. கடல்தண்ணீர் சுமார் 35,000. நூறு குடம் நல்ல தண்ணீரில் ஐந்து குடம் கடல் கலந்தாலே ஏறத்தாழ 1700 ஏறிவிடும். வாரம் ஒரு நாள், அதே நேரத்தில், முதல் வாளியில் அளந்து காலண்டரில் குறித்து வையுங்கள்.

பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும், உப்பைத் தொடாது. கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது. தண்ணீர் சுண்டுவதால் இன்னும் கூடும். ஆனாலும் குளிக்க, பாத்திரம் கழுவப் புழங்குகிற தண்ணீர் என்பதால் கிருமி நீக்கம் அவசியம். கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து அதை அதனாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 785ஆல் பெருக்கினால் எத்தனை லிட்டர் என்று வரும். 1.2 மீட்டர் விட்டம், 1.5 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 1700 லிட்டர். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் புதுப் பவுடர். ஆக, உங்களுக்கு 4 கிராமுக்குச் சற்றுக் கூடுதல். பவுடரை அப்படியே தூவாதீர்கள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிவை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, அதைக் கயிற்றில் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் அலசுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு கிணற்றுக்குள் போகக் கூடாது. ஒரு மணி நேரம் யாரும் மொள்ளக் கூடாது. சகதித் தண்ணீர் பவுடரில் இருக்கும் குளோரினைத் தின்றுவிடும், ஆகவே முதல் தடவை போதாமல் போகலாம். சுகாதார ஆய்வாளரிடம் சோதனைக் குப்பி இருக்கும். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் நிற்கவில்லை என்றால் மறுபடி போடுங்கள். திறந்து வைத்த பழைய பொட்டலம் கடற்காற்றின் ஈரத்தில் வீரியம் இழந்திருக்கும், அதை நம்ப வேண்டாம்.

குடிக்க மட்டும் ஆளுக்கு நாளைக்கு 3 லிட்டர், ஐந்து பேர், ஏழு நாள் என்றால் 105 லிட்டர். 20 லிட்டர் கேன் ஆறு இருந்தால் கவலை இல்லை. மின்சாரம் போனால் காவிரிக் கூட்டுக் குடிநீரும் நின்றுவிடும் என்பதால்தான் ஏழு நாள் கணக்கு. வயிற்றுப்போக்கு கண்டால், ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் பிள்ளைகளுக்கு ஆபத்து. உங்கள் கிணற்றுத் தண்ணீரை இதற்குத் தொடவே தொடாதீர்கள்.

கூரைக்கு வருகிறேன். காற்று சீட்டை மேலிருந்து அழுத்துவதில்லை. மேலே ஓடும் காற்று உறிஞ்சித் தூக்குகிறது. காற்றடிக்கும் பக்கம் ஒரு சன்னல் திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து கீழிருந்து தள்ளும். அதனால்தான் வாடைப்பக்கச் சன்னலின் கொக்கி சரியாக இருப்பது சீட்டின் கனத்தைவிட முக்கியம். சீட் முதலில் கிளம்புவது ஓரத்திலும் மூலையிலும். அங்கே சீட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஜே போல்ட் (கொக்கி போல்ட்) ஒவ்வொன்றையும் ஸ்பானரால் தட்டிப் பாருங்கள். செதில் செதிலாகத் துரு உதிர்ந்தால் மாற்றியே ஆக வேண்டும், எண்ணெய் தடவிப் பயனில்லை. துத்தநாகம் பூசிய (ஜி.ஐ.) போல்ட்டும் புது ரப்பர் வாஷரும் போடுங்கள். ஓர வரிசையில் நடுவில் இருப்பதைவிட நெருக்கமாகப் போடுங்கள். ரொம்ப முறுக்கினால் துளையைச் சுற்றிக் கீறல் விடும், அடுத்த காற்றில் அந்தக் கீறலோடு பிய்யும். ஏறுபவர் சீட்டில் கால் வைக்கக் கூடாது. பலகை போட்டு, சட்டம் ஓடும் கோட்டில் மட்டும் நடக்க வேண்டும். சுவருக்கு வெளியே சீட் ஒன்றரை அடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் குறைத்துவிடுங்கள். தாழ்வாரக் கூரையை வீட்டுக் கூரையோடு சேர்க்காமல் தனியாக வைப்பது நல்லது. அது பறந்தாலும் வீடு நிற்கும்.

கல்லும் டயரும் மணல் மூட்டையும் ஏற்றி வைப்பது நம் கரையெங்கும் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். சீட் உடைந்தால் அவை படுத்திருப்பவர் தலையில்தான் விழும். அதற்குப் பதில் கூரைமேல் குறுக்காக இரண்டு வடம் போட்டுத் தரையில் கட்டலாம். ஆனால் மணலில் அடித்த முளை, மழையில் ஊறினால் ஓர் இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். மூன்றடிக் குழி தோண்டி, நடுவில் வடம் கட்டிய இரண்டடிப் பனந்துண்டைக் குறுக்குவாட்டில் படுக்கவைத்து, மண்ணை மிதித்து மூடுங்கள். அது அசையாது. வடம் சீட் விளிம்பில் உராயும் இடத்தில் பழைய டியூப்பைச் சுற்ற வேண்டும். படகுக் கயிற்றுக்கு இதை உங்கள் வீட்டுக்காரர் செய்துகொண்டுதான் இருப்பார்.

கூண்டு விஷயம். எண் கூடக் கூட ஆபத்து ஒவ்வொரு படியாக ஏறுகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். முழுக்க அப்படி இல்லை. 1, 2 தூரக்கடலில் இருப்பதைச் சொல்பவை. 3 ஏறினால் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசலாம்; 4 என்றால் புயல் பின்னால் இந்தத் துறைமுகத்தையும் பாதிக்கலாம். 5, 6, 7 மூன்றுக்கும் அபாயம் ஒன்றுதான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது மேலேயே கடக்குமா என்பதில்தான் வித்தியாசம். 8, 9, 10 அதேபோல், கடும் புயலுக்கு. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது. 5 ஏறினால் 7 வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அப்போதே கிளம்ப வேண்டும்.

கூண்டு மழையைச் சொல்லாது என்பதையும் மனதில் வையுங்கள். 2024 நவம்பர் 20 அன்று புயல் எதுவும் இல்லாமலே ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2020 டிசம்பரில் புரெவி வலுவிழந்து, நம் மாவட்டத்தை ஒட்டி மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றது. காற்று தணிந்தும் மழை விடவில்லை. ஐப்பசி மழையை மணல் குடித்துவிடும். கார்த்திகை முடிவில் நிலத்தடி மட்டம் ஏறி மணல் நிறைந்திருக்கும். அப்போது அதில் பாதி மழை பெய்தாலும் தெருவில் நிற்கும். கழிப்பறைத் தொட்டி எதிர்த்து வருவதும் அந்த நாட்களில்தான். கோப்பைக்குள் ஒரு மணல் மூட்டையை அழுத்தி வையுங்கள். மட்டம் இறங்கும் முன் தொட்டியைக் காலி செய்தால் தொட்டியே மிதந்து விரிசல் விடும்.

காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்தால் வடகடல் உள்வாங்கித் தரை தெரியும். பிள்ளைகள் சங்கு பொறுக்க இறங்குவார்கள், விடாதீர்கள். பாக் ஜலசந்தி ஆழம் குறைந்த கடல். காற்று திரும்பினால் விலகிய தண்ணீர் அவ்வளவும் திரும்பி வரும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டது காற்றைவிடத் தண்ணீர்தான்.

மண்டபத்துக்கு அப்பால், ராமநாதபுரம், ஆற்றங்கரைப் பக்கம் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கு வெள்ளம் வெயிலடிக்கும் நாளிலும் வரும். வைகை அணை 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. அந்தச் செய்தி வந்த பிறகு பெரிய கண்மாய் நிறைந்து, உபரித்தண்ணீர் வெளியேறும் கலுங்கில் மறுகால் பாய்கிறதா என்று விசாரித்துக்கொண்டே இருங்கள். அது கண்மாய்த் தண்ணீர், உப்பில்லை. கிணற்றில் இறங்கினால் பிளீச்சிங் போதும்.

தண்ணீர் வாசலைத் தொடும் முன் மெயின் சுவிட்சை இறக்கிவிடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியை மேசைமேல் ஏற்றுங்கள். கடல்தண்ணீர் உள்ளே போனால் நச்சுவாயு கிளம்பும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554. இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள்.

உங்கள் கிணறு கெட்டுப்போகவில்லை, சகோதரி. போன வருடம் இறைத்ததில் எழும்பிய உப்பு, தொந்தரவு செய்யாவிட்டால் மெல்லத் தாழும். இந்த வாடை முழுக்க மோட்டாரின் பியூஸைக் கழற்றி மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள். தை பிறந்ததும் வாளியால் மொண்டு அளந்து பாருங்கள். பங்குனியில் இன்னொரு தடவை. காலண்டரில் குறித்த எண்களை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.