எண்ணெயில் எத்தனை கலோரி?

கேள்வி: நால்வர் உள்ள எங்கள் வீட்டில் மாதம் 4 லிட்டர் கடலை எண்ணெய் செலவாகிறது. உறையில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று அச்சிட்டிருப்பதால் கவலையின்றிப் பயன்படுத்தலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் குறிப்பிடத்தக்க அளவில் இருப்பதில்லை, ஆகவே அந்த வாசகம் கலோரியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தர, கொழுப்பு 9 கலோரி தருகிறது. செக்கில் ஆட்டியதானாலும் இந்தக் கணக்கு மாறாது. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் எடையுள்ளது என்பதால், உங்கள் வீட்டில் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 கிராம், அதாவது 270 கலோரி, எண்ணெயிலிருந்து மட்டுமே சேர்கிறது.

பெரியவர்களுக்கு மொத்தக் கலோரியில் கொழுப்பின் பங்கு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படுபவருக்கு அது சுமார் 67 கிராம். இதில் பாதிக்குச் சற்றுக் குறைவானதை எண்ணெயே எடுத்துக்கொள்ள, பால், தயிர், முட்டை, வேர்க்கடலை ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் கொழுப்பும் மீதிக்குள் அடங்க வேண்டும். பலரும் கணக்கில் சேர்க்க மறப்பது தேங்காயை: 100 கிராம் துருவலில் 33 கிராம் கொழுப்பு, அதிலும் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு, அதாவது ரத்தக் கொலஸ்ட்ராலைக் கூட்டும் வகை.

எண்ணெயை முற்றிலும் விலக்கிவிடாதீர்கள்; ஏ, டி, இ, கே வைட்டமின்களை உடல் உறிஞ்சக் கொழுப்பு தேவை. தாளிக்கும்போது கண்ணளவில் ஊற்றாமல், 40 கலோரி அடங்கிய 5 மில்லி கரண்டியால் அளந்து ஊற்றுங்கள்.