இரவானால் கால் உளைவு

கேள்வி: வயது 44. புறக்கோட்டைப் புடவைக்கடை ஒன்றில் நாள் முழுக்க நின்றபடி வேலை. இரவில் படுத்ததும் கால் உளைந்து, அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும் போல் இருக்கிறது. நித்திரை இல்லை. காலையில் ஒரே களைப்பு. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பிளேன்டீ குடித்தால்தான் ஆறுதல். தைரொயிட் குளிசை எடுக்கிறேன். அஸ்வகந்தா பாவிக்கலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அஸ்வகந்தாவை இப்போதைக்கு விடுங்கள் சகோதரி. அது தைரொயிட் சுரப்பைக் கூட்டக்கூடியது. குளிசையோடு நீங்களாகச் சேர்க்கக்கூடாது.

கால் உளைவை ஆயுர்வேதம் வாதக் கோளாறாகப் பார்க்கிறது. அதற்கு எண்ணெயும் சூடும்தான் மருந்து. பாதத்துக்கு எண்ணெய் தேய்த்தால் களைப்பு, விறைப்பு, வறட்சி, மரத்துப்போதல் தணியும் என்கிறது சரக சம்ஹிதை. ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயைக் கிண்ணத்தில் விட்டு, கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வையுங்கள். குதிக்காலில் தொடங்கி, உள்ளங்கால் நடுவைப் பெருவிரலால் அழுத்தி, விரல் இடுக்கெல்லாம் தடவி, கெண்டைக்காலைக் கீழிருந்து மேலாக நீவிவிடுங்கள். காலுக்கு ஐந்து நிமிடம் போதும். அப்புறம் நன்றாகத் துடைத்துப் பழைய சொக்ஸ் போடுங்கள். டைல்ஸ் தரையில் வழுக்கி விழுந்தால் அதற்கு வேறு வைத்தியம் தேட வேண்டிவரும்! கால் எரிவும் இருந்தால் பிண்ட தைலம் பற்றி ஆயுர்வேத வைத்தியரிடம் கேளுங்கள்.

நரம்பு புடைத்துச் சுருண்டிருக்கும் இடத்தை அழுத்த வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, நொந்தால் தேய்க்கவே கூடாது. உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படுக்குமுன் இளஞ்சூட்டுப் பாலில் சாதிக்காய்த்தூள் ஒரு சிட்டிகை போட்டுக் குடிப்பது பழைய வழக்கம். சிட்டிகைதான், கூடினால் வாந்தி, தலைசுற்றல்.

எனக்குச் சந்தேகம் உங்கள் பிளேன்டீயில்தான். தேயிலையின் கபீன் நித்திரையைக் கெடுக்கும். போதாததற்கு, சாப்பாட்டை ஒட்டிக் குடிக்கும் தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. காலை ஆட்டச் சொல்லும் அந்த அவதிக்கு இரும்புச்சத்துக் குறைவு ஒரு முக்கிய காரணம். மாதவிடாயில் இரத்தம் கூடுதலாகப் போகிறதென்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. இரும்புச்சத்துக் குறைவை எந்த எண்ணெயும் ஈடுசெய்யாது. பெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது), சீனி, தைரொயிட் மூன்றுக்கும் இரத்தம் சோதித்துப் பாருங்கள். தேநீரைப் பின்னேரத்தோடு நிறுத்துங்கள்.

ஆயுர்வேத மருந்து உள்ளுக்கு எடுப்பதென்றால் பொரளை ஆயுர்வேத போதனா வைத்தியசாலையில் காட்டிக் கேளுங்கள். போகும்போது இரத்தப் பரிசோதனை முடிவையும் தைரொயிட் குளிசைக்கு டொக்டர் எழுதித் தந்த துண்டையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.