விமானங்கள் கூட்டமாக அணிவகுத்துப் பறப்பதைப் படம் எடுத்தால் வெறும் கரும்புள்ளிகளாக வருகின்றன. என்ன செய்யலாம்?

முதலில் ஜூமைக் குறையுங்கள். புள்ளியாகத் தெரிகிறதே என்று இழுத்து எடுக்கத்தான் கை போகும். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

எனக்கு ஊர் மலேசியாவில் டெங்கில். தேசிய தினம் புத்ராஜெயாவில் நடக்கும்போதெல்லாம் அம்மாவை அழைத்துக்கொண்டு போய்விடுவேன். இன்று புத்ராஜெயா இருக்கும் இடம் அந்தக் காலத்து பிராங் பெசார் ரப்பர் தோட்டம். அம்மா பால் மரம் வெட்டிய மண். முதல் வருடம் 300 எம்எம் லென்ஸில் முன்னால் போன ஜெட்டைப் பெரிதாகப் பிடித்துவிட்டு, பெருமையாக அம்மாவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர், "ஒன்னுதானே இருக்கு, மத்ததெல்லாம் எங்கப்பா?" என்றார். இரண்டாவது விமானத்தின் இறக்கை நுனி மட்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இப்போது 100 எம்எம் பக்கம் வைத்து, சுற்றிலும் வானத்துக்கு இடம் விடுகிறேன். பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது, எப்போது அழுத்துவது? செம்பனைத் தோட்டத்துச் சாலையில் மோட்டாரில் போயிருக்கிறீர்களா? மரங்களைச் சுமார் 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நட்டிருப்பார்கள். போகப் போக எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பித் தெரியும். திடீரென்று ஒரு கோணத்தில் நிரை முழுவதும் கடைசிவரை திறந்துகொள்ளும். விமான அணியும் அப்படியே. பக்கவாட்டில் நின்றால் அம்பு வடிவம் நசுங்கி ஒரே கோடாகிவிடும். அவை வரும் பாதைக்கு நேர் கீழே நில்லுங்கள். தலைக்கு மேல் வரச் சற்று முன்பு இடைவெளிகள் விரியும். அந்த இரண்டு மூன்று விநாடிகளுக்குத் தொடர்ந்து அழுத்துங்கள். அணி சாய்ந்து திரும்பினால், வளைவுக்கு வெளியே நிற்பவருக்கு விமானங்களின் அடிப்பக்கமும் உள்ளே நிற்பவருக்கு முதுகும் தெரியும்.

கருமைக்குக் காரணம் வானத்தின் வெளிச்சம். அதைப் பார்த்து கேமரா எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடுகிறது. வெள்ளை மேகம் மூடிய நாளில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 வரை ஏற்றுவேன். நல்ல நீல வானத்துக்கு அவ்வளவு வேண்டாம். ஜெட்டுக்கு ஷட்டர் 1/1000 விநாடி அல்லது அதற்கும் வேகமாக. மணிக்கு 500 கிலோமீட்டரில் போகும் விமானம் அந்த நேரத்தில் 14 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. தேசியக் கொடியான ஜாலூர் கெமிலாங்கைத் தொங்கவிட்டு வரும் ஹெலிகாப்டருக்கு மட்டும் 1/200க்கு இறக்குங்கள். விசிறி உறைந்து நின்றால் ஹெலிகாப்டருக்கு உயிரே இருக்காது.

வெறும் வானத்தில் ஃபோகஸ் பிடிபடாமல் அலையும். விமானம் வருமுன் தூரத்து மர உச்சி எதிலாவது பிடித்து வையுங்கள். புகைமூட்ட நாளில் மட்டும் எந்த லென்ஸும் உதவாது. அன்றைக்கு நான் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு அம்மாவோடு நின்று பார்ப்பேன்.