மினி ஏன் பால் பூத்தது?

கேள்வி: டமியா கம்பெனியின் 1/24 (நிஜக் காரில் இருபத்துநான்கில் ஒரு பங்கு) மோரிஸ் மினி கூப்பர் பிளாஸ்டிக் மாடல் கிட் செய்கிறேன். இது நான் செய்யும் இரண்டாவது கார். போன அக்டோபரில், மழை விட்ட ஒரு சாயங்காலம், மொட்டை மாடியில் வைத்து டமியாவின் டிஎஸ்-8 இத்தாலியன் ரெட் ஸ்ப்ரே அடித்தேன். பத்து நிமிஷத்தில் பானெட் முழுக்கப் பால் தெளித்த மாதிரி வெளுத்துவிட்டது. மறைக்கலாம் என்று இன்னும் அடித்தேன். ஒரு வாரம் கழித்துக் கூரைக்கு மட்டும் டிஎஸ்-26 வெள்ளை. அடித்தபோது வெள்ளையாகத்தான் இருந்தது, காலையில் பார்த்தால் ரோஸ். கதவுக் கோடுகளும் பாதி மூடிவிட்டன. இரண்டு கேனும் காலி. பாலிஷ் போட்டால் சரியாகுமா, மொத்தமாக உரித்துவிட வேண்டுமா?
– ஆதம்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர்

பானெட் வெளுத்த கதையைப் படித்தவுடன் "உரிக்க வேண்டாம், பொறுங்கள்" என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கதவுக் கோடு மூடியது என்ற வரிக்கு வந்ததும் மனசு மாறிவிட்டது. உரித்துவிடுங்கள். உங்களுக்கு வந்திருப்பது ஒன்றல்ல, மூன்று தனித்தனிக் கோளாறுகள். முதல் இரண்டையும் உரிக்காமலே சமாளிக்கலாம். மூன்றாவதுக்கு வேறு வழியில்லை.

வெளுப்பை முதலில் பார்ப்போம். சென்னையில் ஸ்ப்ரே அடிக்கும் எல்லோருக்கும் ஒரு தடவையாவது வருவது இது. டிஎஸ் வரிசை எல்லாம் லாக்கர், அதாவது கரைப்பான் ஆவியாகிக் காய்கிற பெயின்ட். அதில் இருக்கும் கரைப்பான் மிக வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது பரப்பிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டு போகும். கையில் சானிடைசர் தடவினால் ஜில்லென்று இருக்கிறதே, அதேதான். அந்தக் குளிர்ச்சியில் காற்றிலுள்ள ஈரம் ஈரப் பெயின்ட்டின் மேல் பனித்துளியாக இறங்கிவிடுகிறது. மேல்தோல் காய்ந்ததும் அந்த நுண்துளிகள் உள்ளேயே மாட்டிக்கொண்டு வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. நம் கண்ணுக்கு அது பால்.

எவ்வளவு குளிர்ந்தால் பனி இறங்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. 28 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை, அதாவது பனி இறங்க ஆரம்பிக்கும் வெப்பநிலை, சுமார் 25 டிகிரி. மழை விட்ட சாயங்காலம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பெயின்ட் வெறும் மூன்று டிகிரி குளிர்ந்தாலே போதும், வெளுத்துவிடும். அதே இடத்தில் ஏப்ரல் மதியம் 34 டிகிரி, 50 சதவீதம் என்றால் பனிநிலை 22. பன்னிரண்டு டிகிரி குளிர வேண்டும், அவ்வளவு சுலபத்தில் நடக்காது. கிட் பெட்டியைவிட முதலில் வாங்க வேண்டியது சுவரில் மாட்டுகிற ஈரப்பதமானி என்று நான் சொல்வது இதனால்தான். 65 சதவீதத்துக்கு மேல் காட்டினால் கேனைத் தொடாதீர்கள். பெரும்பாலான நாட்களில் காலையையும் இரவையும்விட மதியம் 12 மணியிலிருந்து 3 மணி வரை ஈரம் குறைவு. சாயங்காலம் சுகமாக இருக்கிறது என்று மாடி ஏறுவது காற்று வாங்கச் சரி, லாக்கர் அடிக்கச் சரியில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது, நானே விழுந்தேன். ஈரம் ஆகாது என்று தெரிந்ததும் காரின் உடலை ராத்திரி முழுக்க ஏசி அறையில் வைத்திருந்து, நேரே மாடிக்குக் கொண்டுபோய் அடித்தேன். முன்பைவிட மோசமாக வெளுத்தது. ஏசி காரிலிருந்து இறங்கியவுடன் மூக்குக்கண்ணாடி மங்குகிறதல்லவா, அதுதான் நடந்திருக்கிறது. 24 டிகிரியில் இருந்த பிளாஸ்டிக் வெளியே வந்ததும் பெயின்ட் படுவதற்கு முன்பே அதன் மேல் பனி படிந்துவிட்டது. உடலையும் கேனையும் அடிக்கிற இடத்தில் நிழலில் ஒரு மணி நேரமாவது வைத்துவிட்டு அடியுங்கள். ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டுவதும் நல்லது, தொட்டால் வெதுவெதுப்பு, அதற்கு மேல் வேண்டாம். ஏசி அறைக்குள்ளேயே அடித்துவிடலாமே என்றால், கூடாது. கரைப்பான் ஆவி தீப்பிடிக்கும். மூடிய அறையில் அது எங்கேயும் போகாது. பக்கத்தில் பூஜை விளக்கு எரிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெளுப்பு மட்டும் இருந்திருந்தால் வைத்தியம் எளிது. அடித்த அன்றே மேலே மேலே அடித்து மறைக்கப் பார்க்கக்கூடாது. ஈரக் காற்றில் அடிக்கிற ஒவ்வொரு பூச்சும் புதிதாக ஈரத்தை உள்ளே பூட்டும். அதைத்தான் நீங்கள் செய்திருக்கிறீர்கள். காரை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, வெயில் அடிக்கிற ஒரு மதியம் அதே நிறத்திலோ டிஎஸ்-13 கிளியரிலோ மெல்லிய, ஆனால் ஈரமான ஒரு பூச்சு கொடுத்தால் போதும். புதுக் கரைப்பான் பழைய பரப்பை இளக்கும், மாட்டிக்கொண்ட ஈரம் வெளியேறும், சிவப்பு திரும்பி வரும். பெரும்பாலும் இது பலிக்கும். ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள் மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரைப் பயன்படுத்தினால் வெளுப்பே அபூர்வம். அதில் காய்வதை மெதுவாக்கும் சரக்கு கலந்திருக்கிறது. பாலிஷ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெளுப்பு மேலாகப் படர்ந்திருந்தால் காம்பவுண்ட் (தேய்த்துப் பாலிஷ் போடும் பசை) எடுத்துவிடும். பூச்சுக்குள் இறங்கியிருந்தால், வெளுப்பு போவதற்குள் பெயின்ட்டே போய்விடும்.

ரோஸ் கூரைக்குக் காரணம் வரிசை மாறியதுதான். வெள்ளையிலுள்ள கரைப்பான் அடியிலிருக்கும் சிவப்பை லேசாகக் கரைக்க, சிவப்பின் சாயம் மேலே ஊறி வருகிறது. அடித்தவுடன் தெரியாது, ராத்திரியில் மெல்ல ஏறும். ஒரு வாரம் காயவிட்டேனே என்பீர்கள். லாக்கர் எத்தனை நாள் காய்ந்தாலும் லாக்கர் பட்டால் இளகும். சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த உடல்களின் மேல் வெளிர் நிறம் அடித்தாலும் இதே வம்புதான். நடுவில் ஒரு வெள்ளிப் பூச்சு அடித்து ஊறலைத் தடுக்கலாம், ஆனால் அது இன்னொரு அடுக்கு. வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு என்று வைத்துக்கொண்டால் அந்த அடுக்குக்கே அவசியம் வராது.

இப்போது கதவுக் கோடு. இதை விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் சின்னக் கார் பெயின்ட் அடிப்பதில் எனக்குத் தெரிந்த பாடமே இது ஒன்றுதான்: காரைச் சிறிதாக்கலாம், பெயின்ட்டைச் சிறிதாக்க முடியாது. நிஜ மினியின் நீளம் சுமார் 3.05 மீட்டர். 24-ஆல் வகுத்தால் 12.7 சென்டிமீட்டர், உள்ளங்கையில் உட்காரும். கதவுக்கும் உடலுக்கும் நடுவில் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், மாடலில் அது 0.17 மில்லிமீட்டர். நிஜக் காரின் பெயின்ட் 100 மைக்ரான் தடிமன் என்று வைத்தால், மாடலில் 4 மைக்ரானுக்கு மேல் இருக்கக்கூடாது. கேனில் அடிக்கிற ஒரே ஒரு பூச்சே அதைவிடத் தடிமன். நீங்களோ பிரைமர், சிவப்பு, வெளுப்பை மறைக்க இன்னும் சிவப்பு என்று போட்டிருக்கிறீர்கள். இத்தனூண்டு மினிக்கு ஒரு 100 மில்லி சிவப்புக் கேன் முழுக்கக் காலியானது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், கோடு ஏன் மூடியது என்ற கேள்விக்கு அதுவே பதில்.

மூடிய கோட்டைப் பெயின்ட்டின் மேல் கத்தியால் கீறித் திறக்கலாமே என்று கேட்பார்கள். திறக்கலாம். ஓரம் முழுக்கச் செதில் செதிலாகப் பெயர்ந்து வரும், அதைப் பிறகு எதைக்கொண்டும் மறைக்க முடியாது.

ஆகவே உரிப்பு. மொபைல் ரிப்பேர்க்காரர்கள் போர்டு துடைக்க வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம். ரிச்சி தெருவில் ஐபிஏ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் உடல் மூழ்கும் அளவு ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். கண்ணாடிப் பாகங்கள், குரோம் பாகங்கள் எதுவும் உடலோடு ஒட்டியிருக்கக்கூடாது. காலையில் கையுறை போட்டுக்கொண்டு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் தோல் மாதிரி உரிந்து வரும். பிரைமர் அங்கங்கே அடம்பிடிக்கும். இறுகப் பிடித்திருந்தால் அப்படியே விட்டுவிடலாம். இந்த ஆல்கஹாலும் தீப்பிடிக்கக்கூடியது, சமையலறையில் வேண்டாம். டிங்கரிங் பட்டறை நண்பர் யாராவது "என்சி தின்னர் தரேன், ஒரே நிமிஷத்தில் உரியும்" என்பார். உரியும், பெயின்ட் மட்டுமல்ல, மினியும். அந்தத் தின்னர் கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும்.

உடல் வெறுமையானதும், பெயின்ட்டுக்கு முன்பே கதவு, பானெட், டிக்கிக் கோடுகளை ஆழப்படுத்துங்கள். கத்தி முனையின் முதுகுப் பக்கத்தைக் கோட்டில் வைத்து, அழுத்தாமல், நாலைந்து தடவை உங்களை நோக்கி இழுத்தால் மெல்லிய சுருளாகப் பிளாஸ்டிக் வரும். அழுத்தினால் கத்தி தடம் புரண்டு கதவின் மேல் ஓடும், பிறகு பட்டி பார்க்க வேண்டியிருக்கும். பிரைமர் அடித்தபின் இன்னொரு தடவை லேசாக இழுங்கள். மினிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. முன் மூலைகளிலும் பின் மூலைகளிலும் மேலிருந்து கீழாக ஓடும் மேடான விளிம்பு, அச்சின் பாதிகள் சேரும் இடத்தில் விழும் வார்ப்புக் கோடு அல்ல. நிஜ மினியில் தகடுகளை வெளிப்பக்கமாகவே சேர்த்து வெல்டிங் செய்திருப்பார்கள், அந்த மடிப்பு அது. வார்ப்புக் கோடு என்று நினைத்து வாட்டர் பேப்பரால் தேய்த்து எடுத்துவிட்ட மினிகளைப் பார்த்திருக்கிறேன், முகமே மாறிப்போயிருக்கும். பாலிஷ் போடும்போது பெயின்ட் முதலில் தேய்வதும் இந்த விளிம்பில்தான், அங்கே மாஸ்கிங் டேப்பைக் கீற்றாக ஒட்டிவிட்டுத் தேயுங்கள்.

பிறகு பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, காயவைத்து, விரல் படாமல் ஒரு பாட்டிலின் மேல் நிறுத்துங்கள். 20 சென்டிமீட்டர் தூரம். காருக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, காரைக் கடந்து வெளியே விட வேண்டும், நடுவில் நிறுத்தினால் வழியும். வெள்ளைப் பிரைமர் மெல்லியதாக ஒன்று. அடுத்துக் கூரை நிறம், தூவினாற்போல் இரண்டு, ஈரமாக ஒன்று. இரண்டு நாள் விட்டுக் கூரையை மாஸ்க் செய்து, டேப் விளிம்பில் அதே கூரை நிறத்தை ஒரு தூவல் அடித்து விளிம்பை அடைத்துவிட்டு, அப்புறம் சிவப்பு. டேப்புக்கு அடியில் ஏதாவது கசிந்தால் அது கூரை நிறமாகத்தான் இருக்கும், தெரியாது. ஹார்டுவேர் கடை மாஸ்கிங் டேப் ஓரம் நார் நாராக இருக்கும். கண்ணாடியில் ஒட்டிப் புது பிளேடால் ஓரத்தை வெட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அடித்து முடித்ததும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிடுங்கள். தூசிக்கு மட்டுமல்ல, பளபளக்கும் ஈரச் சிவப்பில் வந்து உட்காருவதில் நம்மூர்க் கொசுவுக்கு ஒரு தனி ஆசை. காய்ந்ததா என்று விரலால் பார்க்காதீர்கள், மூக்கால் பாருங்கள். உடலை மூக்கருகே பிடித்தால் பெயின்ட் வாசனை வருகிறதென்றால் கரைப்பான் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது. வாசனை நின்ற பிறகுதான் காம்பவுண்ட்.

முகமூடி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என்95 தூசியைத் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரிமஆவி கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி தனியாக விற்கிறது, அதுதான் வேண்டும்.

புதுக் கேன் வாங்கும்போது டிஎஸ் என்று பார்த்து வாங்குங்கள். பக்கத்திலேயே பிஎஸ் என்று இருப்பது ரிமோட் கார்களின் பாலிகார்பனேட் உடலுக்கு, இதற்கு ஆகாது. டிஎஸ் கிடைக்காமல் கார் டச்-அப் ஸ்ப்ரே வாங்கினால் முதலில் ஸ்ப்ரூ (கிட் பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டில் அடித்துப் பாருங்கள். முன்பெல்லாம் ஐஸ்கிரீம் பிளாஸ்டிக் கரண்டியில் சோதிப்போம், இப்போது மரக்கரண்டிதான் தருகிறார்கள். பரப்பு சுருங்கினால் அந்தக் கேன் வேண்டாம். மெட்டாலிக் நிறமென்றால் இன்னொரு சிக்கல், அதிலுள்ள மினுக்குத் துகள் நிஜக் கார் அளவுக்கானது. 12 சென்டிமீட்டர் காரில் ஜிகினா ஒட்டிய மாதிரி இருக்கும்.

கூரைக்கு டிஎஸ்-26 திரும்ப வாங்க வேண்டாம். மான்டே கார்லோ ராலியை 1964, 1965, 1967 ஆண்டுகளில் ஜெயித்த மினிகளின் கூரை ஓல்ட் இங்கிலிஷ் ஒயிட், பழைய தந்தம் மாதிரி லேசான மஞ்சள் சாயல் உள்ள வெள்ளை. டிஎஸ்-7 ரேசிங் ஒயிட் அதற்குக் கிட்டத்தில் வரும். அடிக்கிற நாளுக்கு ஜனவரி கடைசிவரை பொறுங்கள். உரிப்பதையும் கோடு இழுப்பதையும் இப்போதே, மழை பெய்யும்போதே செய்யலாம்.