நண்டு வளையும் எண்ணெய்க் கிணறும்: கேள்வி பதில்

எண்ணெய் வயல் ஆய்வுக்கூடத்தில் ரசாயனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் குத்தாலம் பக்கம். வற்றியதாக மூடும் கிணற்றில் மிஞ்சிய எண்ணெயை ரசாயனம் செலுத்தி எடுப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

நன்னிலம், விவசாயி: எங்க ஊர்ல கிணறு வத்திடுச்சுன்னு மூடிட்டாங்க. எண்ணெய் சுத்தமா தீர்ந்துபோச்சா?

பெரும்பாலும் தீர்வதில்லை ஐயா. தானாகப் பீறி வருவது, பிறகு தண்ணீர் செலுத்தித் தள்ளி எடுப்பது, இரண்டும் சேர்ந்தே பொதுவாக மூன்றில் ஒரு பங்குதான். மிச்சம் பாறைக்குள்ளேயே கிடக்கும். கீழே எண்ணெய் ஏரி மாதிரித் தேங்கி நிற்கவில்லை. மணற்கல்லின் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் ஒட்டிக் கிடக்கிறது.

அவரே: தண்ணியை இன்னும் கூடுதலா விட்டா வராதா?

வரப்பில் நண்டு வளை இருந்தால் வாய்க்காலில் எவ்வளவு திறந்தாலும் வயல் நனையுமா? வளை வழியாகவே ஓடிவிடும். பாறைக்குள்ளும் அதே கதைதான். எண்ணெய் கெட்டி, தண்ணீர் நீர்த்தது. லேசான வழி கிடைத்ததும் அதிலேயே புகுந்து மறுபக்கக் கிணற்றில் வெளியே வந்துவிடும். அப்புறம் நாள் முழுக்கத் தண்ணீரைத்தான் இறைப்போம்.

அதற்குத்தான் தண்ணீரில் பாலிஅக்ரிலமைடு வகைப் பாலிமரை, அதாவது நீளச் சங்கிலி மாதிரியான மூலக்கூறுகள் கொண்ட பொருளை, கரைத்துக் கஞ்சிப் பதமாக்கிச் செலுத்துவது. கஞ்சி நிதானமாக, பரவலாக நகரும். எண்ணெயை முன்னால் தள்ளிக்கொண்டு போகும். சீனாவின் தாச்சிங் வயலில் 1996 முதல் பெரிய அளவில் செய்கிறார்கள். நம் நாட்டில் ராஜஸ்தானின் மங்களா வயலில் நடக்கிறது.

திருவாரூர், ஆசிரியை: சோப்பு மாதிரி ஏதோ விடுவாங்களாமே?

ஆமாம் அம்மா, சர்ஃபாக்டன்ட். மீன் வறுத்த சட்டியை வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள், பிசுக்கு போகாது. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கும் இழுவிசையைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால்தான் துளையில் சிக்கிய துளி நழுவும். சில எண்ணெயில் இயற்கையாகவே அமிலம் இருக்கும். அதற்குக் காரம் விட்டால் போதும், சோப்பு அங்கேயே உருவாகிவிடும். ஆனால் பாறைநீரில், அதாவது பாறைத் துளைகளில் ஏற்கெனவே இருக்கும் உப்புநீரில், கால்சியம் மிகுந்திருந்தால் அந்தக் காரமே சுண்ணாம்பாகப் படிந்து குழாயை அடைக்கும்.

தஞ்சாவூர், பொறியியல் மாணவர்: சிலிக்கா நானோ துகள்தான் சார் என் புராஜெக்ட். இதுதானே எதிர்காலம்?

அவசரப்படாதே தம்பி. மணலில் இருக்கும் சிலிக்காவையே மிக மிக நுண்ணிய துகளாக்கித் தண்ணீரோடு செலுத்தும் யோசனை அருமையானதுதான். நல்ல மணற்கல்லில் துளையின் கழுத்தே சில மைக்ரான் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது ஆயிரம் நானோமீட்டர்). 20 நானோமீட்டர் துகள் அதில் தாராளமாகப் புகும். எண்ணெய்க்கும் பாறைக்கும் இடையில் ஆப்பு மாதிரி நுழைந்து எண்ணெயைக் கிளப்பும். எண்ணெயில் ஊறிய பாறைச்சுவரைத் தண்ணீருக்கு இணக்கமாக மாற்றும். ஆய்வுக்கூடத்தில் விரல் கனத்துப் பாறைத்துண்டில் செலுத்தும்போது அளவுகுழாயில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக ஏறுவதைப் பார்த்தால் எனக்கே ஆசை வரும்.

ஒரு நாள் இரண்டு பீக்கரில் சிலிக்காக் கரைசலை வைத்தேன். ஒன்று நல்ல தண்ணீரில்: லேசான நீலம் ஓடிய தெளிவு. இன்னொன்றில் கிணற்றிலிருந்து வந்த உப்புநீரை ஊற்றினேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது, எலுமிச்சை பிழிந்த பால் மாதிரி. அந்தத் திரிவு பாறைக்குள் நடந்திருந்தால் கிணறே அடைத்துக்கொள்ளும்.

வெப்பமும் சேரும். பூமிக்குள் இறங்க இறங்க, கிலோமீட்டருக்குப் பொதுவாக 25 முதல் 30 டிகிரி ஏறும். இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் 80-ஐத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில், உப்பில், பாலிமர்க் கஞ்சியே நீர்த்துப்போகும். பாலிமர் வயலுக்கு வந்து பல வருஷமாகிவிட்டது. நானோ இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான்.

மன்னார்குடி, விவசாயி: இது மீத்தேன் திட்டத்துக்கு வேற பேரா?

இல்லை. நிலக்கரிப் படுகை மீத்தேனில் தண்ணீரை வெளியே இறைப்பார்கள். இதில் உள்ளே செலுத்துவது. பாறையை உடைப்பதும் இதன் நோக்கமல்ல. அதற்காகப் பயமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கிணற்றின் இரும்புக்குழாயும் அதைச் சுற்றிய சிமென்டும் பழுதாகியிருந்தால் எதைச் செலுத்தினாலும் ஆபத்துதான், குடிநீர் அடுக்கு மேலேதானே இருக்கிறது? முதலில் கேட்கவேண்டியது அந்தச் சிமென்டின் சோதனை அறிக்கையை.

காவிரிப் படுகையைக் காக்கத் தமிழக அரசு கொண்டுவந்த 2020 வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத்தான் தடுக்கிறது. முன்பே நடப்பவை தொடரலாம். பழைய கிணற்றில் ரசாயனம் செலுத்துவது புதியதா பழையதா என்பது வக்கீலிடம் கேட்கவேண்டிய கேள்வி.

மாணவர் மறுபடியும்: அப்போ புராஜெக்டை மாத்திடட்டுமா சார்?

வேண்டாம் தம்பி. காய்ச்சி வடித்த தண்ணீரில் சோதிப்பதாக இருந்தால் அதை மட்டும் மாற்று. நிஜப் பாறைநீர் மாதிரி உப்பும் கால்சியமும் கலந்து, 85 டிகிரி அடுப்பில் ஒரு மாதம் வை. அப்புறமும் தெளிவாக நின்றால் எனக்குச் சொல், நானே வந்து பார்க்கிறேன்.