வைத்தியசாலைக் களஞ்சிய அறையில் இடம் போதவில்லை, எப்படி ஒழுங்குபடுத்துவது?

திருகோணமலையில் உங்கள் வார்ட் களஞ்சியம் சின்னது, பெட்டிகள் நடைபாதை வரை வந்துவிட்டன என்று கேட்டிருக்கிறீர்கள். புது இறாக்கை வாங்க முன்னம், எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் திகதி பாருங்கள். காலாவதியானவற்றைப் பிரித்துத் தனியே பூட்டி வையுங்கள். மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

சரி, அடுக்கும்போது முதலில் காலாவதியாகப் போவது முன்னுக்கு வர வேண்டும். எப்போது வந்தது என்பது கணக்கில்லை. பிந்தி வந்த பெட்டிக்கும் முந்திய திகதி இருக்கலாம். பெட்டியின் முன்பக்கத்தில் மாதத்தையும் ஆண்டையும் மாக்கர் பேனாவால் பெரிதாக எழுதிவிடுங்கள். இரவு டியூட்டியில் அவசரமாக ஓடிவருபவருக்குப் பெட்டியைத் திருப்பிப் பார்க்க நேரமிராது.

சேலைன் போன்ற பாரமானவை கீழ்த்தட்டில். ஆனால் வெறுந்தரையில் வேண்டாம். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்குத் தரையும் சுவரும் ஈரம் கசியும். அட்டைப்பெட்டி அடியில் ஊறிப் பிய்ந்து, உள்ளே கட்டுத்துணிகூடப் பூஞ்சணம் பிடித்துவிடும். மரத்தட்டு போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

திறக்காத இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியில், 2 முதல் 8 பாகை செல்சியஸில். ஐஸ் பிடிக்கும் பகுதியோடு ஒட்ட வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்தால், உருகிய பிறகும் அதைப் பாவிக்கக் கூடாது.