ஆடிக் காத்துல காத்தாடி ஏன் நிக்குது?

கேள்வி: அண்ணாச்சி, ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க. போன சீசன்ல நல்ல காத்து வீசுற நேரத்துலயே எங்க ஊரு பக்கம் கரண்ட் எடுக்குற காத்தாடி வரிசையா நின்னுட்டு இருந்துச்சு. ரிப்பேரான்னு வாட்ச்மேன்கிட்ட கேட்டா, மேல இருந்து நிறுத்தச் சொல்லிட்டாங்கன்னு சொல்லுதாரு. அந்த மேல இருக்கவங்க யாரு, அவங்கள யாரு கேக்குறது?
- வாசகர், ராதாபுரம்

பதில்: தம்பி, மேலன்னா சென்னையில இருக்குற லோடு டிஸ்பேட்ச் சென்டர். எந்தெந்த நேரத்துல யாரு எவ்வளவு கரண்ட் கிரிட்டுக்குள்ள, அதாவது கரண்ட் போற லைன் வலைக்குள்ள, விடலாம்னு முடிவு பண்றது அவங்கதான். லைன் தாங்காது, இல்ல கிரிட்டுக்கே ஆபத்துன்னா நிறுத்தச் சொல்லலாம், அதுல தப்பே இல்ல. ஆனா அந்த சென்டர் இருக்கறது பெரிய லைன்ல கரண்ட கொண்டுபோற அரசு கம்பெனியான டான்டிரான்ஸ்கோ கையில, கரண்ட வாங்குற கம்பெனியும் அதே மின்வாரிய குடும்பத்துலதான் இருக்கு, அப்போ நிறுத்தச் சொன்னது கிரிட்டுக்காகவா இல்ல காசு கணக்குக்காகவான்னு வெளிய இருக்கற நமக்கு எப்படித் தெரியும்? என்னைப் பொறுத்தவரைக்கும் சிக்கலே இங்கதான் இருக்கு.

இது சும்மா சந்தேகம் இல்ல. சோலார் கம்பெனிங்க சங்கம் இதே புகாரோட மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போச்சு. சூரிய மின்சாரம் மஸ்ட் ரன், அதாவது கண்டிப்பா எடுத்தாகணும்னு 2019-ல ஆணையம் சொல்லிச்சு, ஆனா நஷ்டஈடு கிடையாதுன்னுடுச்சு. டெல்லியில இருக்கற மேல்முறையீட்டு தீர்ப்பாயத்துக்கு கேஸ் போச்சு, அவங்க என்ன பண்ணாங்கன்னா, தேசிய கிரிட்ட நடத்துற பொசோகோவ (இப்ப பேரு கிரிட் இந்தியா) விட்டு 2017 மார்ச்ல இருந்து ஜூன் வரைக்குமான பதிவுகள எடுத்துப் பாக்கச் சொன்னாங்க. பெரும்பாலான தடவை கிரிட் பாதுகாப்புக்காக நிறுத்தலன்னு தெரிஞ்சுது. 2021 ஆகஸ்ட்ல தீர்ப்பு வந்துச்சு, நஷ்டஈடு குடுக்கணும்னு. அதே வருஷம் அக்டோபர்ல மத்திய அரசும் ரூல் போட்டுச்சு, டெக்னிக்கல் காரணமோ கிரிட் பாதுகாப்போ இல்லாம காத்தாடி, சோலார் மாதிரி மஸ்ட் ரன் பிளான்ட்ட நிறுத்தினா ஒப்பந்த ரேட்டுலயே ஈடு கட்டணும்னு.

வெளியாள் ஒருத்தர் பதிவ வாங்கி நேரம் நேரமா பாத்த பிறகுதான் உண்மை வந்துச்சு, அதுக்கே நாலு வருஷம் ஆயிருச்சு. சட்டம் இல்லாம இல்ல, பாக்கறதுக்கு ஆள் இல்ல. காத்து சீசன் மே கடைசில ஆரம்பிச்சு செப்டம்பரோட முடிஞ்சிரும், அன்னைக்கு விட்ட காத்த நாலு வருஷம் கழிச்சு யாரும் திருப்பிக் குடுக்க முடியாது. அந்த நேரத்துக்கு ஈடா எரிச்ச நிலக்கரி புகையும் அப்படித்தான், எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம்.

கேள்வி: முப்பந்தல்ல இருக்கற குட்டி காத்தாடிய எல்லாம் மாத்தப் போறாங்களாமே, நிஜமா?
- வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: ஆமா, 2024-ல தமிழக அரசு அதுக்குன்னே பாலிசி போட்டிருக்கு. பழசு பலதும் 225, 250 கிலோவாட்தான், இப்ப வர்றது 2 மெகாவாட்டுக்கு, அதாவது 2000 கிலோவாட்டுக்கு மேல. நல்ல காத்து உள்ள இடம் பூரா பழைய மெஷின் கையில இருக்கு, அதனால மாத்துறது சரிதான். ஆனா புதுசு அதிகமா கரண்ட் தரும், அத கொண்டுபோக லைனும் சப்ஸ்டேஷனும் முன்னாடியே ரெடியா இல்லன்னா திரும்பவும் நிறுத்தத்தான் சொல்வாங்க.

கேள்வி: அண்ணா, நான் தறி ஓட்டுறவங்க வீட்டு பொண்ணுங்க. இதையெல்லாம் எங்கள மாதிரி ஆளுங்க கேக்க முடியுங்களா?
- வாசகி, சோமனூர்

பதில்: தாராளமா கேக்கலாம்மா. கரண்ட் கட்டணத்த ஏத்தணும்னு மனு வந்தா ஆணையம் மக்கள் கருத்து கேட்டாகணும், 2022-ல கோயம்புத்தூர்லயே கூட்டம் போட்டாங்க. வக்கீல் வேண்டியதில்ல, தமிழ்லயே எழுதிக் குடுக்கலாம். கட்டணம் ஏத்தாதீங்கன்னு மட்டும் எழுதாம, போன சீசன்ல எத்தனை யூனிட் காத்து கரண்ட நிறுத்தினீங்க, ஒவ்வொரு தடவையும் காரணம் என்ன, அதுக்கு பதிலா எவ்வளவு ரேட்டுக்கு வெளிய வாங்குனீங்கன்னு மாசவாரியா கணக்கு கேளுங்க. எழுதுனதுக்கு ஒரு நகல் கையில வச்சுக்கங்க, கூட்டத்துல நேர்லயும் எந்திரிச்சு கேளுங்க.